இரண்டாம் முறை சொல்லாத குரல்

அரியலூரில் ஒரு கல்லூரியில் பல்லாண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் நான். என்னிடம் பயின்றவர்கள் இன்று நீதிமன்றங்களிலும் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் எவரும் என் ஆங்கிலத்தில் பிழை கண்டதாக நான் அறியேன். இதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் உண்டு. ஆங்கிலம் போதாது என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று என்னைத் தள்ளிவிட்டதாக ஒரு பேச்சு பெரம்பலூரிலும் அரியலூரிலும் நெடுநாள் உலவியது. அந்தப் பேச்சுக்கு நான் மறுமொழி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என் மானம் மீண்டிருக்கும். ஆனால் என் வீட்டுக்குள் ஒருத்தி தலைகுனிந்திருப்பாள். இப்போது அவள் இல்லை. ஆகவே எழுதுகிறேன். எழுதுவதால் எதுவும் மீளாது என்பதும் தெரிந்தே எழுதுகிறேன்.

அது எழுபதுகளின் கடைசி. பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. என் மனைவிக்கு அங்கே ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை வேலை. அதனால் பெரம்பலூரிலேயே குடியிருந்தோம். நான் நாள்தோறும் பஸ்ஸில் அரியலூர் போய்வந்தேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் அந்தப் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும். கல்லூரி வாசலில் இறங்கும்போது என் வெள்ளைச் சட்டையின் தோளில் வெளிறிய தூள் படிந்திருக்கும். அதைக் கைக்குட்டையால் தட்டிவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைவேன்.

வகுப்பில் நான் செய்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். அக்கால வழக்கப்படி குறிப்புகள் சொல்வேன், மாணவர்கள் எழுதுவார்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி, பிறகு நிறுத்தி நிறுத்தி இன்னொரு முறை சொல்லி, சரிபார்க்கக் கடைசியாக ஒரு முறையும் சொல்ல வேண்டும். எனக்குக் கற்பித்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆண்டுதோறும் அதே குறிப்புகள், அதே இடங்களில் அதே நிறுத்தங்கள். முப்பத்து நான்கு வயதில் ஒருநாள், வாய் ஒரு பக்கம் குறிப்புச் சொல்லிக்கொண்டிருக்க, மனம் அதைக் கேட்காமலே இருப்பதை உணர்ந்தேன். ஓய்வு பெறும்வரை இப்படியே என்று நினைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது.

அந்த ஆண்டுதான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து, மொழியியலில் ஆய்வு செய்ய உதவித்தொகையுடன் எனக்கு ஓர் இடம் தர இசைவு வந்தது. நான் எழுதியிருந்த கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு அங்கிருந்த பேராசிரியர் ஒருவர் பரிந்துரைத்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: வெளிநாட்டாருக்கென நடத்தப்படும் ஆங்கிலத் தேர்ச்சித் தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் அவர்கள் குறித்த மதிப்பெண் பெற வேண்டும். அந்த உதவித்தொகைக்கு வயது வரம்பு இருந்தது. அடுத்த ஆண்டு நான் அதைக் கடந்துவிடுவேன். எழுதினால் இந்த முறை, இல்லையேல் இல்லை.

கல்லூரி முதல்வரையும் என் மனைவியையும் தவிர வேறு எவரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. வேதியியல் துறையில் இளைஞர் ஒருவர் முந்தைய ஆண்டு அதே தேர்வை எழுதியிருந்தார். அவரை வைத்துக்கொண்டு, ஆசிரியர் அறையில் என் நண்பரான கணித விரிவுரையாளர் பேசியது என் காதில் அப்படியே நின்றிருந்தது.

"கெமிஸ்ட்ரிக்காரர் எழுதுறார், சரி. அவருக்கு இங்கிலீஷ் வருதான்னு அமெரிக்காக்காரன் பாக்கணும்ல?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நல்லவேளை சார், உங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல. நீங்க போய் எழுதி ஃபெயிலாயிட்டு வந்தீங்கன்னு வைங்க, நாம காலேஜப் பூட்டிட்டுச் சாவிய கலெக்டர்ட்ட குடுத்துட வேண்டியதுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இதை எவருக்கும் தெரியாமல் முடிக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

தேர்வுக்கான புத்தகத்தைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். பழுப்புத் தாளில் அட்டை போட்டு, பஸ்ஸில் செய்தித்தாளுக்குள் வைத்துப் படித்தேன். இலக்கணப் பகுதியும் படித்துணரும் பகுதியும் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கேட்டு விடையளிக்கும் பகுதி ஒன்று இருந்தது. ஒலிநாடாவில் ஒரு வாக்கியம் ஒலிக்கும். அச்சிட்டிருக்கும் நான்கு விடைகளில் பொருந்துவதைத் தேர்ந்து அதற்குரிய வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். அதற்குப் பயிற்சியாக ஒரு கேசட்டும் புத்தகத்தின் பின்னட்டைப் பையில் இருந்தது.

எங்கள் வீட்டில் கேசட் போடும் கருவி இல்லை. அடுத்த வீட்டில் இருந்தது. அந்த வீட்டு பாய் துபாயில் வேலை பார்த்துவிட்டு ஒரு பெரிய டேப்ரெக்கார்டரோடு திரும்பியிருந்தார். மாலை வேளைகளில் அதன் பாட்டு எங்கள் சமையலறைச் சுவர் வழியாகக் கேட்கும். கேட்டிருந்தால் மறு வார்த்தை பேசாமல் கொடுத்திருப்பார். அவ்வளவு நல்ல மனிதர். ஆனால் அந்தக் கருவியிலிருந்து பாட்டுக்குப் பதிலாக ஆங்கில வாக்கியங்கள் வரத் தொடங்கினால் தெரு முழுவதும் கேட்கும். காலேஜ் சார் இங்கிலீஷ் படிக்கிறார் என்ற செய்தி மறுநாள் பஸ்ஸில் எனக்கு முன்பே அரியலூர் போய்ச் சேர்ந்திருக்கும். கேசட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஒலிநாடாவில் வரும் வாக்கியங்கள் புத்தகத்தின் கடைசியில் அச்சிடப்பட்டிருந்தன. நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லியும் பயிலலாம் என்று போட்டிருந்தது. என் மனைவி வாசிக்க முன்வந்தாள்.

அவள் ஜெயங்கொண்டத்துப் பெண். எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு ஆசிரியப் பயிற்சி முடித்தவள். ஐந்தாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் எடுத்தாள். சொல்வதெழுதுதலில் அவளை மிஞ்ச அந்த ஒன்றியத்தில் ஆளில்லை என்று அவள் பள்ளித் தலைமையாசிரியரே சொல்லியிருக்கிறார். பள்ளி விட்டு வந்து, முகம் கழுவி, கதவைத் தாழிட்டு, வெளியே கேட்காதிருக்க வானொலியில் விவசாய நிகழ்ச்சியைச் சத்தமாக வைப்பாள். பிறகு புத்தகத்தைக் கையில் எடுத்தால் அவள் நடையே மாறிவிடும்.

"மொதல்ல முழுசா வாசிப்பேன், கேட்டுக்கங்க. அப்பப் பென்சிலத் தொடக் கூடாது. அப்புறம் நிறுத்தி நிறுத்தி. கடைசியா ஒரு தடவ, சரிபாக்க."

"சரிங்க டீச்சர்."

"கூனாம உக்காருங்க. வாத்தியாரே இப்படி உக்காந்தா புள்ளைங்க எப்படி உக்காரும்?"

சுவருக்கும் சுவருக்கும் நடந்துகொண்டே வாசிப்பாள். முதல் வாசிப்பில் நான் பென்சிலைப் பலகையின் மேல் வைத்துவிட்டு, வாக்கியத்தின் போக்கை மட்டும் கேட்பேன். இரண்டாவதில் பொருள் முழுதும் கைக்கு வரும். மூன்றாவதில் வட்டத்தை நிரப்புவேன். பெரும்பாலும் பிழையே வராது. விடைகளைச் சரிபார்க்கும்போது அவள் முகத்தில் தெரிந்த பெருமிதம், தன் வகுப்புப் பிள்ளை மாவட்டத்தில் முதலிடம் பெற்றதைப் போல இருக்கும்.

"எங்க கிளாஸ் புள்ளைங்க மொத வாசிப்புலயே எழுத ஆரம்பிச்சுடுங்க. நான் அதட்டிப் பேனாவக் கீழ வைக்கச் சொல்லணும். நீங்க சொல்லாமலே வச்சிடறீங்க. நல்ல புள்ள," என்றாள் ஒருநாள்.

"பயப்பட வேண்டியதில்லங்கறியா?"

"பயமா? உங்களுக்கா? அங்க போயி அவனுங்களுக்கே கிளாஸ் எடுக்கப் போறீங்க. எனக்குத்தான் குளிர் ஆகாது. கம்பளி வாங்கிக் குடுங்க, அது போதும்."

நடுவில் அவள் கம்பளியைப் பற்றிப் பலமுறை பேசினாள். வாரத்துக்கு வாரம் எனக்கும் நம்பிக்கை கூடியது. அந்தத் துணிவில் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பித்தேன். வாக்கியங்கள் ஒரு முறைதான் ஒலிக்கும் என்று புத்தகத்தின் முன்பகுதியில் அச்சிட்டிருந்ததை நான் படிக்கவில்லை என்று எவரும் எண்ண வேண்டாம். படித்திருந்தேன். எல்லாத் தேர்வுத் தாள்களிலும் வரும் அறிவுரைகளில் ஒன்றாகப் படித்துக் கடந்திருந்தேன். அதை என் மனைவியிடம் சொல்லி, ஒரே முறை வாசி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சொல்வதெழுதுதல் என்றால் மூன்று முறை வாசிப்பது என்பது எங்கள் இருவருக்கும் மூச்சு விடுவதைப் போலப் பழகிப்போன ஒன்று.

தேர்வு சென்னையில், ஒரு பள்ளியின் கூடத்தில். முதல் நாளே பஸ்ஸில் போய் விடுதியில் தங்கினேன். காலையில் வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக நான் கூடத்துக்குள் நுழைந்ததும், அகலக் கால்சட்டை அணிந்த இளைஞர்களும் சல்வார் அணிந்த பெண்களும் சடசடவென்று எழுந்து நின்றார்கள். ஒரு பையன் அருகில் வந்து கேட்டான்.

"சார், நம்பர எங்க எழுதணும், மேலயா கீழயா?"

அவனுக்கு மேலே என்று காட்டினேன். பிறகு அவனுக்கு அடுத்த பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்த்தான்; பின்னர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அந்த மரியாதை அவன் முகத்திலிருந்து வடிவதை நான் பார்த்தேன்.

மேசை மேல் இருந்த கருவி ஓடத் தொடங்கியது. அமெரிக்க ஆண் குரல். முதல் வாக்கியம் வந்தது. தெளிவாகவே கேட்டது; ஒரு சொல்லும் எனக்குப் புதிதல்ல. என் கை தானாகப் பென்சிலை மேசையின் மேல் வைத்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி வரப்போகும் இரண்டாம் வாசிப்புக்குக் காத்திருந்தேன். சிறிது நேரம் கருவியின் இரைச்சல் மட்டும் இருந்தது. பின்பு அந்தக் குரல் இன்னொரு வாக்கியத்தைச் சொன்னது. அது இரண்டாம் வினா.

என்ன நேர்ந்தது என்று அக்கணமே புரிந்தது. புரிந்ததால் ஒரு பயனும் விளையவில்லை. பென்சிலை இறுகப் பிடித்துக்கொண்டேன், கீழே வைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்திலும் என் காது முதல் முறை தளர்ந்தே இருந்தது. போக்கை மட்டும் வாங்கிக்கொண்டு, பொருளை அடுத்த முறைக்கு ஒத்திவைத்தது. பள்ளியில் முதல் ஆங்கில வாக்கியத்தைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஆங்கிலம் அப்படித்தான் வந்திருந்தது; நான் பிறருக்குக் கொடுத்ததும் அப்படித்தான். ஒரு முறை சொல்லிவிட்டுப் போய்விடும் குரலை என் வாழ்நாளில் அன்றுதான் எதிர்கொண்டேன். ஒரு வினாவின் விடையைத் தேடும்போது அடுத்த வினா போய்விட்டது. அதைத் துரத்தும்போது அதற்கடுத்ததும் போனது. பக்கத்துப் பையன் வட்டங்களை நிதானமாக நிரப்பிக்கொண்டே போனான். உரையாடல்கள் வந்தன, சிறு சொற்பொழிவு ஒன்று வந்தது. அவற்றில் பாதியிலேயே நான் கேட்பதை விட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். சில வட்டங்களைப் பார்க்காமலே நிரப்பினேன்.

அதன்பின் வந்த இலக்கணத்தையும் படித்துணர்தலையும் உரிய நேரத்துக்கு முன்பே முடித்து, இருமுறை சரிபார்த்தேன். அவற்றில் பிழை இருந்திருக்க வழியில்லை. மேற்பார்வையாளர் வந்து தாளை வாங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில் பஸ் உளுந்தூர்பேட்டையில் டீக்கு நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. கடையில் இருவர் ஏதோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னதையே மற்றவர் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவரும் முகம் சுளிக்காமல் திரும்பச் சொன்னார். அந்தச் சாதாரணப் பேச்சை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஜன்னலை இழுத்து மூடினேன்.

பெரம்பலூர் பஸ் நிலையத்தில் என் மனைவி காத்திருந்தாள். அப்படி வந்து நிற்பது அவள் வழக்கமன்று.

"எப்படிங்க?"

"எழுதியாச்சு."

"நான் வாசிச்ச மாதிரியேதான் வாசிச்சாங்களா?"

அவள் தலையில் அன்று புதிதாகப் பூ வைத்திருந்தாள். நான் பையை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"உன்னவிடக் கொஞ்சம் வேகம்," என்றேன்.

"அதான பாத்தேன். நிறுத்தி வாசிக்க எல்லாருக்கும் வராது," என்றாள்.

தேர்வு முடிவு வரப் பல வாரங்கள் ஆகும். அந்த வாரங்களை நான் வாழ்ந்த விதத்தை எந்தப் பகைவனுக்கும் நான் விரும்பமாட்டேன். பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒருவர் தெருவுக்கு வந்து, என் நடத்தையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்தார். அன்று மாலைக்குள் தெருவுக்குச் செய்தி தெரிந்தது. மறுநாள் கல்லூரிக்கும் தெரிந்தது. கணித விரிவுரையாளர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், எங்ககிட்டயே மறைச்சுட்டீங்களே! பரீட்சயே எழுதிட்டீங்களாமே, முதல்வர் சொல்றார். உங்களுக்கு என்ன சார், அந்தப் பேப்பரத் திருத்துறவனுக்குத்தான் பயம்."

இன்னும் முடிவு வரவில்லை என்றேன். அதை எல்லாரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டு பாய், துபாயிலிருந்து கொண்டுவந்திருந்த கெட்டியான பெரிய சூட்கேஸைத் தாமே தூக்கிக்கொண்டு வந்தார்.

"மாஷா அல்லாஹ். நம்ம தெருவுலேர்ந்து ஒருத்தர் அமெரிக்கா போறீங்க. இது நல்ல ராசியான பொட்டி சார். இதோட போயிட்டு வாங்க."

இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். சூட்கேஸ் எங்கள் கூடத்தில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் நின்றது. மனைவி தன் பழைய புடைவை ஒன்றை அதன் மேல் தூசி படாமல் போர்த்தினாள். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பிறகு என்னைப் பார்த்தார்கள். தோல்வி உறுதி என்று அறிந்த நான், வாழ்த்து ஒவ்வொன்றுக்கும் கைகூப்ப வேண்டியிருந்தது.

முடிவு வந்தது. இரு பகுதிகளில் மிக உயர்ந்த மதிப்பெண். கேட்டல் பகுதியில் அவர்கள் குறித்த அளவுக்கு வெகு கீழே. சில நாட்களில் பல்கலைக்கழகமும் தன் வருத்தத்தைத் தெரிவித்தது. இடம் போயிற்று.

மனைவி அழவில்லை. மூன்று பகுதிகளின் மதிப்பெண்களையும் விரல் வைத்துப் படித்தாள். கேட்டல் என்ற சொல்லின் மேல் அவள் விரல் நின்றது.

"இதுலயா? இதத்தான நாம நல்லாப் படிச்சோம்?"

"கருவி சரியில்ல. சத்தம் தெளிவா இல்ல," என்றேன்.

என் குரலின் உறுதியை அவள் ஒருபோதும் சந்தேகித்ததில்லை. அன்றும் சந்தேகிக்கவில்லை என்றே நினைத்தேன்.

கல்லூரியில் நண்பர் இரக்கத்தோடு பேசினார். "விடுங்க சார், அவன் பேசுறதெல்லாம் ஒரு இங்கிலீஷா? வாயில வெத்தலயப் போட்டுகிட்டுப் பேசுற மாதிரி." அவர் மனம் நல்லது. ஆனால் அரியலூர் பஸ்ஸில் பின் இருக்கையில் என் மாணவர்கள் பேசிக்கொண்டது வேறு. "இங்கிலீஷ் சாருக்கு இங்கிலீஷ் வல்லையாம்டா. அப்ப நமக்கு மார்க் போட்டது யாருடா?" எனக்குக் கேட்காது என்று எண்ணித்தான் பேசினார்கள். அது மட்டும் எனக்கு முதல் முறையிலேயே முழுதாகக் கேட்டது.

எழுந்து நின்று விளக்கியிருக்கலாம். எனக்குத் தெரியாத ஆங்கிலம் அன்று அங்கே ஒலிக்கவில்லை; மும்முறை வாசித்துப் பழக்கியதே குறை என்று ஆசிரியர் அறையில் ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். யார் வாசித்தார்கள் என்ற அடுத்த கேள்வி வந்திருக்கும். ஆகவே சொல்லவில்லை.

சூட்கேஸைத் திருப்பிக் கொடுக்க நானே அடுத்த வீட்டுக்குப் போனேன். பாய் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டுத் தயக்கத்தோடு சொன்னார்.

"நம்ம வூட்டுல டேப்பு சும்மாதான் கெடக்குது சார். அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? இப்ப போன வாரம் டீச்சரம்மா ஒரு கேசட்டோட வந்தாங்க, போட்டுக் காட்டுங்கன்னு. இங்கிலீஷ்காரன் என்னமோ சொல்லிகிட்டே போனான். அம்மா ரொம்ப நேரம் உக்காந்து கேட்டாங்க. 'இவ்வளவுதானா பாய், திருப்பிச் சொல்ல மாட்டானா'ன்னாங்க. எனக்கு என்ன தெரியும்? எடுத்துகிட்டுப் போயிட்டாங்க. டீ கூடக் குடிக்கல."

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். கேசட் புத்தகத்தின் பின்னட்டைப் பையில், நான் வைத்திருந்தபடியே இருந்தது. பூட்டும் அப்படியே. சாவி எங்கே இருக்கும் என்பது அவளுக்கு எப்போதும் தெரியும்.

அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மாலையில் வானொலியில் விவசாய நிகழ்ச்சியை வைப்பது மட்டும் நின்றுபோனது. நான் வகுப்பில் பழைய குறிப்புகளைப் பழைய நிறுத்தங்களோடு சொல்லப் போனேன். அதைத்தான் ஓய்வு பெறும்வரை செய்தேன்.

அந்தக் கல்வியாண்டு முடியுமுன், தெருக் குழாயடியில் ஒரு தாய் என்னை நிறுத்தினாள். அவள் மகள் என் மனைவியின் வகுப்பில் படித்தாள்.

"சார், நீங்கதான் டீச்சர்ட்ட சொல்லணும். புள்ள தெனமும் அழுவுது. டிக்டேசன ஒரே ஒரு தடவதான் சொல்றாங்களாம். திருப்பிக் கேட்டா, 'வெளில யாரும் உனக்குத் திருப்பிச் சொல்ல மாட்டாங்க'ங்கறாங்களாம். முன்னெல்லாம் டீச்சர் அப்படி இல்லைங்க சார். மூணு தடவ சொல்லுவாங்க."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் என் துண்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு கல்லூரி ஆசிரியன் சொல்ல வேண்டிய முறையில் சொன்னேன்.

"டீச்சர் சொல்றதுதான் சரிம்மா. ஒரு தடவ கேட்டாப் போதும். பழகிடும்."

"உங்கள மாதிரிப் படிச்சவங்களுக்குப் போதும் சார்," என்றாள் அவள். "எங்க புள்ளைக்கு எப்படிப் போதும்?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் பதிலுக்கு நின்றாள். எங்கள் வீட்டு ஜன்னலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. நான் நிமிர்ந்து பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.